வடக்கே சிவக்கும் வானம்

2024 மே 11ஆம் தேதி காலை அந்தப் படம் வட சென்னையின் செல்பேசிகளுக்கும் வந்து சேர்ந்தது. லடாக்கின் ஹான்லே கிராமத்தில் விடிவதற்குச் சில மணி நேரம் முன்பு எடுத்த படம். கரிய மலைகளுக்கு மேலே, வடக்கு வானத்தின் அடியோரத்தில், குங்குமத்தைக் கரைத்து ஊற்றியதுபோல ஒரு சிவப்பு. நார்வேயிலும் கனடாவிலும்தான் தெரியும் என்று பாடத்தில் படித்த துருவ ஒளி இந்திய மண்ணிலிருந்து தெரிந்திருந்தது.

காசிமேட்டில் எனக்குத் தெரிந்த பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் அந்தப் படத்தைக் காட்டிக் கேட்டான்: "அண்ணா, நேத்து நைட்டு எங்க மாடியிலருந்து பாத்தாகூட வடக்கால செவப்பாதான் இருந்துச்சு. அதுவும் இதுதானா?"

அவன் பார்த்தது பொய்யில்லை. ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்தவர்களுக்குத் தெரியும்: இங்கே இரவு வானம் முழுக்கக் கறுப்பாவதில்லை. மணலிப் பக்கம் சுத்திகரிப்பு ஆலையின் சுடர் எரிகிறது. வடக்கே எண்ணூர்த் துறைமுகத்தின் விளக்குகள் விடியவிடிய எரிகின்றன. கடலின் ஈரமும் புகையும் கலந்த காற்று அந்த வெளிச்சத்தை வாங்கி, சிதறடித்து, நம் கண்ணுக்கே திருப்பி அனுப்புகிறது.

இரண்டும் சிவப்பு. இரண்டும் வடக்குத் திசை. பிறகு ஏன் ஒன்று உலகச் செய்தி, இன்னொன்று அன்றாடம்? இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? அசல் துருவ ஒளி என்றாவது காசிமேட்டுக்கு வருமா? அந்தப் பையனின் கேள்வியைப் பிடித்துக்கொண்டே நடப்போம்.

சூரியனில் அறுந்த முறுக்கு

அந்த வாரம் சூரியனின் முகத்தில் ஒரு பெரிய கரும்புள்ளிக் கூட்டம் இருந்தது. ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பூமிகளை வரிசையாக அடுக்கினால் ஏறத்தாழ 15 பூமிகள் தேவைப்படும். கரும்புள்ளி என்பது சூரியனின் காந்தம் முறுக்கேறிக் கிடக்கும் இடம். நைலான் கயிற்றை முறுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அது துள்ளி அறுந்து, தேங்கிய விசையைக் கொட்டிவிடும். சூரியனிலும் அப்படித்தான். முறுக்கு அறுபடும்போது கோடிக்கணக்கான டன் வாயு விண்வெளிக்குள் வீசப்படுகிறது. அது சாதாரண வாயு அன்று. மின்னேறிய துகள்களால் ஆனது, தன் காந்தத்தையும் கூடவே சுமந்து வருவது.

சூரியன் நம்மிடமிருந்து சுமார் 15 கோடி கிலோமீட்டர். அதன் ஒளி வந்து சேர 8 நிமிடம் போதும். இந்தத் துகள் மேகங்களுக்கு ஓரிரு நாள் ஆகும். 2024 மே 10 அன்று அப்படிப்பட்ட பல மேகங்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் பூமியை மோதின. 2003ஆம் ஆண்டுக்குப் பிறகு அவ்வளவு கடுமையான காந்தப்புயல் வந்ததில்லை. காந்தப்புயல் என்றால் காற்றும் மழையும் இல்லை. பூமியைச் சூழ்ந்திருக்கும் காந்தப்புலம் நிலைகுலைந்து ஆடுவதற்குத்தான் அந்தப் பெயர்.

சூரியன் இருக்கும் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று இந்தத் துகள் வீச்சை அளந்த கருவிகளில் நம்முடையதும் ஒன்று: ஆதித்யா எல்1. 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, அதாவது ராயபுரத்துக்கு வடக்கே 70 கிலோமீட்டரிலிருந்து புறப்பட்டுப் போனது.

இங்கே காந்தம் படுத்திருக்கிறது

துகள்கள் பூமி முழுவதையும்தான் மோதின. ஆனால் ஒளி ஏன் துருவங்களைச் சுற்றியே தோன்றுகிறது?

ஒரு காந்த ஊசியைச் சரியாக நடுவில் நூல் கட்டித் தொங்கவிடுங்கள். நார்வேயின் வடகோடியில் அதன் வடமுனை ஏறக்குறையச் செங்குத்தாகத் தரையை நோக்கிக் குத்தி நிற்கும். திருநெல்வேலியில் தொங்கவிட்டால் தராசு முள்போலப் படுத்துக்கொள்ளும். காரணம், பூமியின் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்பகுதி வழியாகப் போகிறது. திருவனந்தபுரம் அருகே தும்பாவில் 1963ல் இந்தியாவின் முதல் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததற்கே இந்தக் கோட்டின் அருகாமைதான் காரணம்.

மின்னேறிய துகள் காந்தக் கோட்டைக் குறுக்கே வெட்டிப் போகாது. அதைச் சுற்றிச் சுழன்றபடி அதன் வழியே ஓடும். துருவத்தருகே கோடுகள் தரையை நோக்கி இறங்குவதால், துகள்களுக்கு அங்கே காற்றுமண்டலத்துக்குள் இறங்கும் படிக்கட்டு கிடைக்கிறது. நம் ஊரில் கோடுகள் தலைக்கு மேல் கூரைபோலப் படுத்திருக்கின்றன. இறங்க வழி இல்லை.

அதனால் துருவ ஒளி துருவத்தைச் சுற்றி ஒரு வளையமாக எரிகிறது. புயல் கடுமையாக ஆக, வளையம் பெருத்துத் தெற்கே இறங்கும். 1872 பிப்ரவரி 4 அன்று வந்த பெரும்புயலில் அது பம்பாயிலிருந்தே தெரிந்ததாகப் பதிவு இருக்கிறது. பம்பாய் வரை வந்தது சென்னைக்கு வராதா? இதற்கு விடை சொல்ல, ஒளியின் உயரம் தெரிய வேண்டும். உயரத்தைச் சொல்வது அதன் நிறம்.

மேலே சிவப்பு, கீழே பச்சை

இறங்கும் துகள்கள் காற்றிலுள்ள ஆக்சிஜன் அணுக்களை மோதுகின்றன. அடி வாங்கிய அணு அந்த விசையைக் கொஞ்ச நேரம் வைத்திருந்து ஒளியாக வெளியே விடுகிறது. இந்தக் காத்திருப்பு இருவகை. பச்சை ஒளியை விடும் அணு ஒரு விநாடிக்குள் விட்டுவிடும். சிவப்பு ஒளியை விடும் அணுவோ ஏறத்தாழ இரண்டு நிமிடம் காத்திருக்கும்.

இரண்டு நிமிடம் என்பது காற்றில் மிக நீண்ட காலம். நூறு கிலோமீட்டர் உயரத்தில் காற்று மெல்லியதுதான். ஆனாலும் அந்த இரண்டு நிமிடத்துக்குள் வேறொரு மூலக்கூறு வந்து இடித்து, சேர்த்துவைத்த விசையைப் பறித்துக்கொண்டு போய்விடும். சிவப்பு பிறக்காது. 200 கிலோமீட்டருக்கு மேலே போனால் இடிக்க ஆள் குறைவு. அணு நிதானமாகக் காத்திருந்து சிவப்பை விடும். ஆகவே துருவ ஒளி என்பது கீழ்ப்பாதி பச்சையும் மேல்பாதி சிவப்புமான உயரமான திரைச்சீலை. பச்சை 100 முதல் 150 கிலோமீட்டர் அளவில். சிவப்பு 200லிருந்து 400 கிலோமீட்டருக்கும் மேலே.

ஹான்லேயில் சிவப்பு மட்டும் தெரிந்ததன் மர்மம் இதில் பாதி அவிழ்கிறது. மீதியை அவிழ்க்கக் கடலுக்குப் போக வேண்டும்.

கரை மறையும் கணக்கு

காசிமேட்டிலிருந்து படகில் கிழக்கே போகிறவர்கள் கரை எப்படி மறைகிறது என்று தினமும் பார்க்கிறார்கள். முதலில் மணல் போகும். பிறகு கரையோர வீடுகள். பிறகு அடுக்குமாடிகள். கடைசி வரை நிற்பவை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். கண் பார்வை குறைவதால் இந்த வரிசை வருவதில்லை. பூமி உருண்டை, நடுவே கடல் முதுகு காட்டி எழும்புகிறது. குள்ளமானது முதலில் அந்த முதுகுக்குப் பின்னே இறங்குகிறது, நெட்டையானது கடைசியில்.

இதற்கு ஒரு எளிய அளவு உண்டு. பார்க்கும் கண் நீர்மட்டத்தில் இருந்தால், அதிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருக்கும் பொருள் 5 கிலோமீட்டர் வரை தெரியும். 200 மீட்டர் உயரமான பொருள் 50 கிலோமீட்டர் வரை தெரியும். கவனியுங்கள்: உயரம் நூறு மடங்கு கூடினால் தொலைவு பத்து மடங்குதான் கூடுகிறது. அதே படியில் இன்னொரு அடி எடுத்து வைப்போம். 200 மீட்டரின் நூறு மடங்கு 20 கிலோமீட்டர். அந்த உயரத்தில் ஒரு விளக்கு எரிந்தால் 500 கிலோமீட்டர் வரை தெரியும்.

சிவப்புத் திரையின் உச்சியை 400 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அது 20 கிலோமீட்டரைப் போல 20 மடங்கு. தொலைவு ஏறத்தாழ நான்கரை மடங்கு கூடும். பூமியின் வளைவு இவ்வளவு தூரத்தில் சற்றுக் கூடுதலாகக் கடித்துக்கொள்வதையும் கழித்தால், தரையில் 2,200 கிலோமீட்டர் வருகிறது. சிவப்பு ஒளியின் உச்சி, அது எரியும் இடத்திலிருந்து அவ்வளவு தூரம் தள்ளி நிற்பவருக்குத் தொடுவானத்தைத் தொட்டுக்கொண்டு தெரியும். பச்சையின் கதை குட்டை: 110 கிலோமீட்டர் உயரத்துக்கு 1,200 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும்.

புகைபோக்கியின் தலை மட்டும் தெரிந்து வீடுகள் மறைவதுபோல, ஹான்லேயில் நின்றவர்களுக்குத் திரையின் சிவப்புத் தலை மட்டும் தெரிந்தது. பச்சைக் கால் பூமியின் முதுகுக்குப் பின்னால் நின்றது. அவர்கள் படமெடுத்ததில் இன்னொரு வகை ஒளியும் சேர்ந்திருந்தது. கடும்புயலின்போது துருவ வளையத்துக்குத் தெற்கே உயரத்தில் எரியும் ஒரு சிவப்பு வில் அது. அதற்குப் பச்சைக் காலே கிடையாது.

இப்போது காசிமேட்டுக்கு வருவோம். இங்கிருந்து ஹான்லே நேர்கோட்டில் ஏறத்தாழ 2,190 கிலோமீட்டர். நாம் கணக்கிட்ட எல்லை 2,200. இரண்டும் இவ்வளவு நெருங்கி வருவது தற்செயல்தான், ஆனால் அது ஒரு நல்ல விடை தருகிறது: சிவப்பு ஒளி ஹான்லேயின் நடு உச்சியில் எரிந்தால்தான் காசிமேட்டில் அது தொடுவானத்தை எட்டிப்பார்க்கும். 2024 மே இரவில் ஹான்லேக்கே அது வடக்குத் தொடுவானத்தில்தான் தெரிந்தது. எரிந்த இடம் இன்னும் பல நூறு கிலோமீட்டர் வடக்கே.

பம்பாயின் விஷயமும் இதிலேயே தெளிகிறது. பம்பாய் 19ஆம் பாகையில் இருக்கிறது, நாம் 13ல். ஏறக்குறைய ஆறு பாகை, அதாவது சுமார் 650 கிலோமீட்டர். பம்பாய்க்குத் தெரிந்த ஒளி சென்னைக்குத் தெரிய இன்னும் அவ்வளவு தூரம் தெற்கே இறங்க வேண்டும். அப்படி இறங்கினாலும், துறைமுக விளக்குகளுக்கும் ஈரக் காற்றுக்கும் நடுவே தொடுவானத்தை ஒட்டிய அந்த மெல்லிய சிவப்பைப் பார்க்க வழியில்லை.

குடம் நிரம்பும் நேரம்

ஹான்லேயில் கேமரா காட்டிய ஆழ்ந்த சிவப்பு, அங்கே நின்றவர்களின் கண்ணுக்கு மங்கலாகத்தான் எட்டியது. கேமரா பொய் சொல்கிறதா?

கோடைக்காலத்தில் தெருக்குழாயில் தண்ணீர் சொட்டுச்சொட்டாக வருகிறது. ஒருவர் குடத்தை வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். இன்னொருவர் கையைக் குவித்து, ஒவ்வொரு சொட்டுக்கும் உடனே உதறிவிடுகிறார். குழாய் ஒன்றே, தண்ணீரும் ஒன்றே. கண் கையைப்போல. விநாடிக்குப் பத்து முறை அளவில் சேர்த்த ஒளியைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறது; இல்லாவிட்டால் ஓடிவரும் வண்டி நமக்கு ஒரு கோடாகத் தெரியும். கேமரா குடம். ஷட்டரை 15 விநாடி திறந்து வைத்தால், கண் ஒரு பார்வையில் சேர்ப்பதைப்போல 150 மடங்கு நேரம் ஒளி சேர்கிறது.

இரண்டாவது காரணம் கண்ணின் உள்ளே. நிறம் பார்ப்பவை கூம்பு செல்கள். அவற்றுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். இருட்டில் வேலை செய்பவை குச்சி செல்கள். அவற்றுக்கு நிறம் தெரியாது. அதிலும் ஆழ்ந்த சிவப்பு அவற்றுக்கு அநேகமாகப் படுவதே இல்லை. துருவ ஒளியின் உச்சிச் சிவப்பு, கண்ணின் மிகப் பலவீனமான இடத்தில் வந்து விழுகிறது.

இந்தக் குறையே ஒரு வசதியாகவும் ஆகிறது. குச்சி செல்கள் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரு வெள்ளை டார்ச் அதை ஒரு நொடியில் கெடுத்துவிடும். மங்கலான சிவப்பு விளக்கு கெடுக்காது. அதனால்தான் வானத்தைப் படமெடுக்கிறவர்கள் சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சோடு நடமாடுகிறார்கள்.

இரண்டு மாடி, ஒரு ராக்கெட்

400 கிலோமீட்டர் உயரம் என்று துணிந்து சொன்னேன். அங்கே ஏறி அளந்தவர் யார்?

நார்வேயின் கணித அறிஞர் கார்ல் ஸ்டோர்மர், 1910 முதல் துருவ ஒளியைப் படமெடுத்தார்; தனியாக அல்ல. பல கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு கேமராக்கள். இரண்டையும் இணைக்க ஒரு தொலைபேசிக் கம்பி. "இப்போது!" என்றதும் இருவரும் ஒரே நொடியில் ஷட்டரைத் திறப்பார்கள். ஒரே ஒளி, இரண்டு படங்களிலும் பின்னணி நட்சத்திரங்களுக்கு எதிரே சற்று இடம் மாறித் தெரியும். கையை நீட்டிக் கட்டைவிரலை முதலில் ஒரு கண்ணாலும் பிறகு மறு கண்ணாலும் பாருங்கள்; விரல் சுவரில் நகர்வதைப்போல. நகர்வு அதிகமென்றால் பொருள் பக்கத்தில், குறைவென்றால் தொலைவில். இப்படி ஆயிரக்கணக்கான இரட்டைப் படங்களிலிருந்து துருவ ஒளியின் உயரங்கள் கணக்கிடப்பட்டன. எவ்வளவு நல்ல கேமரா இருந்தாலும் தனி ஆளால் அதைச் செய்திருக்க முடியாது.

துருவ ஒளி இங்கே வராது. ஆனால் உயரத்தில் எரியும் இன்னொரு ஒளி நமக்கு வருகிறது. ராயபுரத்திலிருந்து 70 கிலோமீட்டரில் ஸ்ரீஹரிகோட்டா. முன்பு போட்ட கணக்கின்படி, ராக்கெட் 400 மீட்டர் ஏறியதும் கடல் முதுகைத் தாண்டி நம் மணலுக்குத் தெரியத் தொடங்கும்.

2024 டிசம்பர் 30 இரவு 10 மணிக்கு பி.எஸ்.எல்.வி. சி-60 ஏவப்பட்டபோது நான் திருவொற்றியூரில் ஒரு மாடியில் இருந்தேன். கைப்பிடிச் சுவரில் செங்கல் அடுக்கி, அதில் கேமராவைச் சாய்த்து, ஷட்டரை இரண்டு நிமிடம் திறந்துவைக்கத் திட்டம். வடக்கே ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி எழுந்து, கடல் மேலாகக் கிழக்கே வளையத் தொடங்கியது. மாடியில் இருந்த முப்பது பேரும் ஒரே குரலில் "தோ பார்!" என்றார்கள். அந்தச் சந்தோஷத்தில் யாரோ செல்பேசி டார்ச்சைப் போட்டார்கள். அரை நொடிதான். என் படத்தில் ராக்கெட்டின் கோடு இருக்கிறது. அதற்குக் குறுக்கே வெளுத்துப்போன கைப்பிடிச் சுவரும் இருக்கிறது. குடத்தில் ஒரு சொட்டு மை விழுந்தால் குடம் முழுவதும் மை.

அன்று மாடியில் நாங்கள் பேசி வைத்துக்கொண்டிருந்தால் அழகான படம் கிடைத்திருக்கும். ராயபுரத்தில் ஒருவரும் எண்ணூரில் ஒருவரும் ஒரே நொடியில் எடுத்திருந்தால் அதற்கும் மேல் ஒன்று கிடைத்திருக்கும். ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் இடையே 12 கிலோமீட்டர். கடல் மேல் 120 கிலோமீட்டர் தொலைவில் ராக்கெட் போகும்போது, இரு ஊர்ப் படங்களிலும் அது நட்சத்திரங்களுக்கு எதிரே 6 பாகை வரை விலகி நிற்கும். நீட்டிய கையின் மூன்று விரல் அகலம். அந்த மூன்று விரலை அளந்தால் தொலைவும் உயரமும் பள்ளிக் கணக்குதான்.

இருட்டும் புறம்போக்குதான்

ஹான்லே படத்தை எடுத்தது இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் ஆய்வகம். அந்த நிறுவனத்தின் வேர் நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது. 1792ல் அங்கே எழுந்த மதராஸ் வானாய்வகத்தில்தான் நார்மன் போக்சன் 1861ல் ஒரு சிறுகோளைக் கண்டு அதற்கு 'ஆசியா' என்று பெயரிட்டார். 1867ல் சிந்தாமணி ரகுநாதாச்சாரி ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். இன்று வண்டி நெரிசலில் திணறும் நுங்கம்பாக்கத்தின் வானம் அவ்வளவு இருட்டாக இருந்தது. பிறகு தெளிந்த காற்றையும் இருளையும் தேடி அந்த மரபு 1899ல் கொடைக்கானலுக்கும், பின்னர் சவ்வாது மலையின் காவலூருக்கும், கடைசியில் கடல்மட்டத்திலிருந்து 4,500 மீட்டர் உயரத்து ஹான்லேக்கும் ஏறிச் சென்றது.

ஹான்லேயில் இருள் தானாக நின்றுவிடவில்லை. 2022 டிசம்பரில் அந்த வட்டாரம் இருள்வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. வீட்டு விளக்குகளுக்கு மூடி போட்டார்கள். கிராமத்தினர் தொலைநோக்கிகளை இயக்கக் கற்று, வருகிறவர்களுக்கு வானத்தைக் காட்டுகிறார்கள். ஆண்டுக்கொருமுறை நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் படமெடுப்பவர்கள் அங்கே கூடும்போது, ஒருவர் கார் விளக்கைப் போட்டால் அத்தனை பேரின் படமும் கெடும் என்பதை எல்லோரும் அறிந்திருக்கிறார்கள்.

எண்ணூர்க் கழிமுகத்துக்காகப் போராடியவர்கள் 'புறம்போக்கு' என்ற சொல்லை வசவிலிருந்து மீட்டு, அது எல்லோருக்கும் பொதுவான நிலம் என்று நமக்கு நினைவூட்டினார்கள். இரவின் இருட்டும் அப்படிப்பட்ட புறம்போக்குதான். யார் பெயரிலும் பட்டா இல்லை. ஒருவர் ஆக்கிரமித்தால் எல்லோருக்கும் நட்டம். வட சென்னையில் அதைப் பெரிதாக வளைத்துப்போட்டவை ஆலைகளும் துறைமுகங்களும். வெளிச்சம் தரையில் விழும்படி விளக்கைக் கீழ்நோக்கித் திருப்பி மூடி போடுவது அவர்களால் முடியாத வேலை இல்லை. அதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

அந்தப் பையனுக்கு நான் சொன்ன விடை இதுதான். மேகம் வரும் இரவில் நம்மூர்ச் சிவப்பைப் பார். மேகம் கூடக்கூட அது கூடும், ஏனென்றால் வெளிச்சம் கீழிருந்து போய் மேகத்தின் வயிற்றில் படுகிறது. துருவ ஒளி மேகத்துக்கு மேலே, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்தில் எரிவது. மேகம் வந்தால் மறைந்துவிடும். தெளிந்த இரவில் அதன் ஊடாக நட்சத்திரங்கள் தெரியும். நீ பார்த்த சிவப்பு ஆலையுடையது.

அவன் கொஞ்சம் ஏமாந்துபோனான். டிசம்பர் ராக்கெட்டுக்குப் பிறகு அவனிடம் இரண்டு மாடிக் கணக்கைச் சொன்னேன். அடுத்து இரவில் ஏறும் ராக்கெட்டுக்கு அவன் காசிமேட்டு மாடியில் நிற்பதாகவும் நான் எண்ணூருக்குப் போவதாகவும் முடிவாயிற்று. பத்து விநாடி முன்பிலிருந்து போனில் எண்ண வேண்டும். அவன் மாடியில் டார்ச் போடக்கூடாது என்று எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவைப்பது அவன் பொறுப்பு. "எங்கம்மா கிட்ட சொன்னா போதும்ணா" என்றான். "தெருவே லைட்ட அணைச்சிடும்."